மும்முறை எச்சரிக்கை

அக்டோபர் 5, வியாழன்

வந்து நான்காவது நாள். இந்த ஊரின் பெயரை மகள் பலமுறை சொல்லிக்கொடுத்தாள். என் வாயில் அது ஒவ்வொரு தடவையும் வேறு ஊராகிவிடுகிறது. இனி ‘இந்த ஊர்’ என்றே எழுதுவேன். ஜெர்மனியில் இருக்கிறது, அது போதும்.

காலை 6.10 எழுந்தேன். 6.40 காப்பி. 8.05க்குக் கோமதி மருந்து ஆராய்ச்சிக்கூடத்து வேலைக்குக் கிளம்பினாள். மாப்பிள்ளை காற்றாலை வேலையாக நார்வேயில் இருக்கிறார், மாதம் முடிந்துதான் வருவார். அவள் அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. பாளையங்கோட்டை வீட்டில் நான் தனியாக இருக்கக்கூடாது என்று வற்புறுத்தி வரவழைத்தாள். நவம்பர் பத்தொன்பது வரை இங்கேதான்.

நோட்டு வாங்கியதும் முதல் வேலையாக 1 முதல் 192 வரை பக்கங்களுக்கு எண் போட்டேன். முப்பத்தைந்து வருஷப் போலீஸ் உத்தியோகம், அதில் பாதிக்கு மேல் ஸ்டேஷன் ரைட்டர். ஸ்டேஷனில் நடப்பதையெல்லாம் நேரம் போட்டு எழுதுகிற ஜெனரல் டைரி என் கையில்தான் இருந்தது. மணி போட்டு எழுதாவிட்டால் எனக்கு அன்றைய நாள் நடந்ததாகவே தோன்றாது. அடித்துத் திருத்தினால் ஓரத்தில் ‘ச.பா.’ என்று கையெழுத்தும் போடுவேன். சங்கரபாண்டியன். கோமதி சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

தேயிலைச் சக்கையைப் பிளாஸ்டிக் குப்பைக்கான மஞ்சள் தொட்டியில் போட்டுவிட்டேனாம். கீழ்வீட்டம்மா மாடியேறி வந்தார். கொலைக் கேசில் நாங்கள் கேட்பதைவிட அதிகம் கேள்வி கேட்டார்.

அக்டோபர் 7, சனி

ஜன்னலுக்கு நேர் எதிரே பழைய நகராட்சி நீச்சல் குளம். குளத்தில் தண்ணீர் இல்லை. இரண்டு வருஷமாக முப்பது நாற்பது இளவட்டங்கள் பூட்டை உடைத்துக் குடியிருக்கிறார்கள். உள்ளே சமையல், சைக்கிள் பழுதுபார்ப்பது, பாட்டு, கூத்து. கட்டடத்தை நகராட்சி ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டது. இவர்கள் நகர மாட்டோம் என்கிறார்கள். முகப்பில் தகரக் கூரை நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன்மேல் ஏறி உட்கார்ந்து படுக்கைவிரிப்பில் எழுதிய கோஷங்களைத் தொங்கவிடுகிறார்கள்.

எங்கள் ஊரென்றால் இது ஒரு மணி நேர வேலை. இரண்டு வேன், இருபது தடி. இதை வாய்விட்டுச் சொன்னதற்குக் கோமதி, “ஆரம்பிச்சிட்டியளாப்பா” என்றாள்.

காய்கறி வாங்கிவரும்போது இழுவைப் பையின் சக்கரம் கழன்று ஓடிவிட்டது. நீச்சல் குள வாசலில் நின்றேன். தலையில் பாதி மழித்த ஒரு பெண் வந்து, ஒரு திருகாணி, ஒரு வளையம், இரண்டு நிமிஷத்தில் சரி செய்துவிட்டாள். காசு நீட்டினேன். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு ஆங்கிலத்தில் பெயர் கேட்டாள். என் பெயரைச் சொல்ல அவள் பட்ட பாட்டைப் பார்த்ததும் இந்த ஊர் விஷயத்தில் என் மனம் ஆறிவிட்டது. அவள் பெயர் ஃப்ரீடா. படித்த பிள்ளை, வேலைக்குப் போகாமல் இங்கே என்ன செய்கிறது?

அக்டோபர் 10, செவ்வாய்

கோர்ட்டு உத்தரவு வந்துவிட்டதாம். காலி செய்யவேண்டும்.

மதியம் ரசம். பெருங்காயம் கொண்டுவந்தது நல்லதாயிற்று.

அக்டோபர் 11, புதன்

5.50க்கு வண்டிச் சத்தத்தில் விழித்தேன். போலீஸ் வேன் பதினொன்று. தெருவின் இரண்டு முனையையும் அடைத்துவிட்டார்கள். கருப்பு உடுப்பு, தலைக்கவசம், முழங்காலுக்குக் காப்பு. ஒருத்தனுக்கும் தொப்பை இல்லை. பெண் போலீசும் ஆணுக்குச் சமமாக முன்வரிசையில் நிற்கிறது. பார்க்கப் பெருமையாக இருந்தது, ஏதோ என் படை மாதிரி.

உள்ளே இருப்பவர்கள் கதவுக்குப் பின்னால் மேசை, கட்டில் எல்லாம் அடுக்கிவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் தகரக் கூரைமேல். ஃப்ரீடாவும் அங்கே இருக்கிறாள், மஞ்சள் மழைக்கோட்டு.

நாள் முழுக்க இவர்கள் நிற்பதும் அவர்கள் உட்கார்ந்திருப்பதும்தான். கோமதி இரண்டு மூன்று தடவை போன் செய்து ஜன்னலைத் திறக்க வேண்டாம் என்றாள். நான் திறக்கவில்லை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 12, வியாழன்

மழை. இரண்டு தரப்பும் நனைகிறது.

அக்டோபர் 13, வெள்ளி

இங்கே காவலருக்குச் சரியாக 12 மணிக்கு மாற்று ஆள் வருகிறது. வேனுக்குள் சூடாக ஏதோ குடிக்கிறார்கள். எங்களுக்குக் காலை ஐந்து மணிக்கு நிறுத்தினால் பகல் மூன்று மணிக்கு ஒரு எலுமிச்சைச் சாதப் பொட்டலம் வரும், அதுவும் புளித்திருக்கும். பசித்தவன் கையில் தடியைக் கொடுத்தால் அவன் யாரை அடிப்பான் என்று அவனுக்கே தெரியாது. இதை எந்த உயர் அதிகாரியிடமும் நான் சொன்னதில்லை.

மாலை கூரையில் இருந்த ஒருவன் கீழே நின்ற போலீஸ்காரனிடம் தீப்பெட்டி கேட்டான் போலிருக்கிறது. போலீஸ்காரன் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்து, இல்லை என்று கையை விரித்தான். இருவரும் சிரித்தார்கள்.

கோமதியிடம் சொன்னேன். “ரெண்டு பேருக்கும் ஒரே வயசுதானப்பா” என்றாள். சின்ன வயதில் நான் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போகும்போதெல்லாம் என் நெற்றியில் விபூதி பூசிவிட்டு, ‘எங்கப்பா பொய் சொல்ல மாட்டாவ’ என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். இன்றைக்கு ஏனோ அது நினைவுக்கு வந்தது.

அக்டோபர் 16, திங்கள்

காலை 11.15: நகராட்சி நீச்சல் குளத்தில் சட்டவிரோதமாகக் கூடியிருந்த சுமார் நாற்பது பேரைக் கலைந்து செல்லுமாறு மும்முறை எச்சரித்தும், அவர்கள் கலையாமல் கல், கட்டை முதலியவற்றால் தாக்கியதில், பணியிலிருந்த காவலர் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டது. வேறு வழியின்றிக் குறைந்தபட்ச பலம் பிரயோகிக்கப்பட்டது.

மேலே உள்ளதைக் காலை 7.30க்கே எழுதிவிட்டேன், அதோடு பக்கம் 23 முடிந்தது, இது 24. பதினொரு மணிக்கு உள்ளே நுழையப் போகிறார்களாம், கோமதி செய்தி பார்த்துச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். பந்தோபஸ்து நாளில் ரைட்டர் பாதி வேலையைக் காலையிலேயே முடித்து வைக்கவேண்டும். சாயங்காலம் இன்ஸ்பெக்டர் களைத்து வந்து கையெழுத்துக்குப் பேனா எடுக்கும்போது எழுதிக்கொண்டிருந்தால் திட்டு விழும். காவலருக்குக் காயம் என்கிற வரி கட்டாயம், அது இல்லாவிட்டால் தடியடிக்குக் கோர்ட்டில் பதில் சொல்ல முடியாது. இன்றைக்கு யாரும் கேட்கவில்லை, கை தானாக எழுதிவிட்டது. ஓய்வு பெற்று நாலரை வருஷம், ஒரு சொல் பிசகவில்லை.

இனி நடந்ததை எழுதுகிறேன்.

11.00: ஒரு அதிகாரி வேன்மேல் ஏறி, ஒலிபெருக்கியில், கையில் இருந்த தாளைப் பார்த்து நிறுத்தி நிறுத்தி வாசித்தார். 11.10: அதே தாள், மறுபடி. 11.20: மறுபடி. பக்கத்தில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். எனக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் என்ன வாசிக்கிறார் என்று தெரிந்தது. ‘மும்முறை எச்சரித்தும்’ என்று நான் எத்தனை நூறு தடவை எழுதியிருப்பேன். காதால் கேட்டது இன்றுதான்.

கல் வரவில்லை. கட்டை வரவில்லை. கூரைமேல் இருந்தவர்கள் கைகோத்து உட்கார்ந்து பாடினார்கள். தாளம் சுமார்தான்.

11.40: ஏணி வைத்து ஒரு போலீஸ்காரன் தகரக் கூரைமேல் கால் வைத்தான். நாலு நாள் மழை, மேலே இலைச் சருகு. கால் வழுக்கிவிட்டது. ஓரத்தில் இருந்த ஃப்ரீடா எழுந்து பாய்ந்து அவன் தோளைப் பிடித்தாள். பிடித்தாள். அவனுடைய உடுப்பு அவள் விரலில் இழுபட்டு நழுவியதை நான் மேலிருந்து பார்த்தேன். அவளும் குப்புற விழுந்து பாதி உடம்பு விளிம்புக்கு வெளியே தொங்கியது. அவன் கீழே கல்தரையில் விழுந்தான். எழுந்திருக்கவில்லை.

11.43: எல்லோரும் உள்ளே புகுந்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ். 12.30க்குள் கட்டடம் காலி. ஃப்ரீடாவைத் தனியாக, இரண்டு பேர் கையைப் பின்னால் மடக்கி அழைத்துப் போனார்கள்.

இரவு சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் போலீஸ்காரனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.

அக்டோபர் 17, செவ்வாய்

10.20: கதவு மணி. சாதாரண உடையில் இரண்டு போலீஸ் அதிகாரிகள், ஒரு ஆண், ஒரு பெண். ஜன்னல் வைத்திருக்கும் வீடுகளில் எல்லாம் விசாரிக்கிறார்கள். கோமதி வேலையில். உட்காரவைத்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நானும் போலீஸ், ரிட்டயர்டு என்றேன். அந்த ஆள் முகம் மலர்ந்து, எழுந்து நின்று கைகொடுத்தார். ஓய்வு பெற்ற பிறகு யாரும் எனக்காக எழுந்து நின்றதில்லை.

கீழேயிருந்து எடுத்த வீடியோவைக் காட்டினார்கள். அதில் பார்த்தால் ஒரு மஞ்சள் கை அவன் தோளுக்கு வருகிறது, அவன் விழுகிறான், அவ்வளவுதான். இடுப்பெலும்பு முறிவு. அவனுக்கு எதுவும் நினைவில்லை. பெண்மீது கொலை முயற்சி வழக்கு, காவலில் இருக்கிறாள். ஏதாவது பார்த்தீர்களா, குறித்தீர்களா என்று கேட்டார்கள். மேசைமேல் நோட்டு இருந்தது. நேரத்தைத் தொட்டுக் காட்டினேன்: 11.15. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டார்கள், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறதாம். நன்றி சொல்லி, மறுபடி கைகொடுத்துப் போனார்கள்.

பக்கம் 23ஐ எடுத்தார்கள். 24ஐக் கேட்கவில்லை. கேட்காததை நாமாக நீட்டுவது எங்கள் தொழிலில் வழக்கமில்லை.

நகராட்சி ஆட்கள் எதிர்க் கட்டடத்து ஜன்னல்களுக்குப் பலகை அடிக்கிறார்கள்.

அக்டோபர் 18, புதன்

துணி துவைத்தேன். தோசை மாவு இந்தக் குளிரில் பொங்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு வக்கீல் இருப்பார்கள். இந்த நாட்டில் எல்லாம் முறையாக நடக்கும். நான் விருந்தாளி.

அக்டோபர் 19, வியாழன்

5.30க்குக் கோமதி வந்தாள். காலணியைக்கூடக் கழற்றவில்லை. கையில் போன்.

“அப்பா, எதிர்வீட்டுல இருக்க இந்தியப் போலீஸ்காரர் ஒருத்தர், கல்லெறிஞ்சு தாக்குனதா எழுத்துல குறிச்சு வச்சிருக்காராம். நியூஸ்ல போட்டிருக்கு. நீங்கதானா?”

“பேரு போட்டிருக்கானா?”

“பேரு கெடக்கட்டும்ப்பா. எறிஞ்சாவளா, இல்லையா?”

நோட்டை அவளே எடுத்தாள். 23ஐ வாசித்தாள். திருப்பி 24ஐ வாசித்தாள். நின்றபடியே இரண்டு தடவை வாசித்தாள்.

“ரெண்டையும் நீங்கதான எழுதியிருக்கிய?”

“இருபத்திமூணாம் பக்கம் முன்னாடியே எழுதுனது. காலைல.”

“நடக்கதுக்கு முன்னாடியா?”

“அப்படித்தாம்ட்டி எழுதுவோம். அது ஒரு வழக்கம்.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். “அந்தப் பிள்ளைக்கு எத்தன வருசம் கெடைக்கும் தெரியுமா ஒங்களுக்கு?” என்றாள். எனக்குச் சட்டப் பிரிவுகள் எல்லாம் தெரியும், எங்கள் ஊர்ப் பிரிவுகள். சமையலறைக்குப் போய் அவளுக்குக் காப்பி போட்டேன். ஆறிப்போயிற்று, அவள் குடிக்கவில்லை.

அக்டோபர் 20, வெள்ளி

11.00: ஃப்ரீடாவின் வக்கீலம்மாவைக் கோமதி வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள். நரைத்த தலை, முதுகில் பை. வந்ததும் ஜன்னலருகே போய் நாற்காலியில் உட்கார்ந்து, அங்கிருந்து தகரக் கூரையைப் பார்த்தார். கீழேயிருந்து தெரியாதது இங்கிருந்து தெரியும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தெருவில் இந்தக் கோணத்தில் ஆள் இருந்த ஜன்னல் இது ஒன்றுதானாம்.

நோட்டு விஷயத்தைக் கோமதி சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. கோமதி வழியாக அவர் சொன்னது: பக்கம் 24 மட்டும் இருந்தால் அந்தப் பெண் நாளைக்கே வெளியே வருவாள். 23 போலீசிடம் இருக்கிறது. அதே ஆள், அதே கையெழுத்து, அதே நாள். எதை நம்புவது என்று நீதிபதி கேட்பார். நடக்காததை ஒரு மனிதன் ஏன் முன்கூட்டியே எழுதினான் என்று இவர் விளக்கியாக வேண்டும். நம்பும்படி விளக்க வேண்டும்.

“யோசிச்சுச் சொல்லுதேன்” என்றேன்.

அக்டோபர் 21, சனி

யோசித்தேன்.

கிறுக்கு பிடித்த கிழவன், பொழுது போகாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லலாம். கண் சரியில்லை, எதையும் பார்க்கவில்லை என்று இரண்டையும் சேர்த்து அழிக்கலாம். டிக்கெட்டை மாற்றிக்கொண்டு ஊருக்குப் போகலாம். குறுக்கு விசாரணை எத்தனையோ பார்த்தவன் நான், வழி தெரியாமல் இல்லை.

தாளைக் கிழிக்க முடியாது. நான்தான் எண் போட்டு வைத்திருக்கிறேனே.

அக்டோபர் 22, ஞாயிறு

கோமதி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன், பாரம் குறைந்திருக்கும். கீரை ஆய்ந்து கொடுத்தேன். “நாளைக்குப் போவம்” என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

அக்டோபர் 23, திங்கள்

வக்கீலம்மாவின் அலுவலகம். 2.00 மணி முதல் 4.35 வரை. சொந்த மகள் மொழிபெயர்த்தால் செல்லாது என்று அரசு பதிவு பெற்ற ஒருவரை வரவழைத்திருந்தார்கள். குகநேசன் என்று பெயர், யாழ்ப்பாணத்துக்காரர், என் வயது. நான் போலீஸில் இருந்தவன் என்றதும் பேனாவை மூடிவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு திறந்தார். கோமதி என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

வாக்குமூலம் வாங்கியே பழக்கப்பட்டவன். கொடுத்தது இதுதான் முதல். நினைவில் உள்ளபடி குறிக்கிறேன்.

கேள்வி: நடப்பதற்கு முன்பே எழுதுவது உங்கள் வழக்கமா?
பதில்: ஆமாம். ஊர்வலம், மறியல் என்றால் காலையிலேயே எழுதி வைப்பது.
கேள்வி: உண்மையில் எச்சரிக்கை செய்யப்படுமா?
பதில்: நான் கேட்டதில்லை. நான் ஸ்டேஷனில் இருப்பேன்.
கேள்வி: காவலருக்குக் காயம் என்பது?
பதில்: கட்டாயம் எழுதவேண்டிய வரி. யார் பெயர் என்பதைப் பிறகு சேர்ப்போம்.
கேள்வி: அப்படி எழுதியதை வைத்து யாராவது சிறைக்குப் போனதுண்டா?

இந்த இடத்தில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அங்கே யாருக்கும் தெரியாது. வக்கீலம்மாவே அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன், அடுத்த கேள்விக்குத் தாளைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஆனால் இல்லை என்றால் நான் சொன்ன மற்றதற்கெல்லாம் எடை இருக்காது. பொய்ச் சாட்சி சொல்கிறவன் தன்மேல் ஒரு தப்பும் இல்லாத மாதிரியேதான் பேசுவான். நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், அதை வைத்துத்தான் கண்டுபிடிப்போம்.

பதில்: ஒருவர் போனார். எனக்குத் தெரிந்து ஒருவர்.

1994 ஜூலை. பாலிடெக்னிக் மாணவர்கள் பஸ் பாஸ் கேட்டு மறியல். காலை எட்டு மணிக்கு நான் எழுதி வைத்தேன். பதினொன்றரைக்குத் தடியடி. காயம்பட்டதாக எழுதிய ஏட்டுக்குக் கையில் காயம் இருந்தது உண்மை, முதல் நாள் வீட்டில் பலாப்பழம் வெட்டும்போது பட்டது. பிடித்து வந்த பையன்களில் ஒருவன் பெயரை இன்ஸ்பெக்டர் சொன்னார், எழுதினேன். அவன் எறிந்ததைக் கண்ணால் கண்டேன் என்று கோர்ட்டில் சத்தியம் செய்தேன். மறியல் நடந்த இடத்துக்கே நான் போகவில்லை. அந்தப் பையன் பதினோரு மாதம் உள்ளே இருந்தான். படிப்பு போயிற்று. அரசாங்க வேலை கிடையாது என்று ஆயிற்று.

குகநேசன் எழுதுவதை நிறுத்திவிட்டார். “ஐயா, இதையும் சொல்லட்டோ?” என்று மெதுவாகக் கேட்டார்.

“சொல்லுங்க.”

“பேர் கேப்பினம்.”

“ஞானதுரை” என்றேன்.

அவர் ஜெர்மனில் சொல்லிக்கொண்டு போனார். கோமதி முன்னாலேயே தமிழில் கேட்டுவிட்டாள், இப்போது ஜெர்மனிலும் கேட்டாள். அவள் பக்கம் நான் திரும்பவில்லை. 94இல் அவளுக்கு ஆறு வயது. அந்தச் சாட்சிக்குப் போன அன்றைக்கும் அவள்தான் விபூதி பூசினாள்.

ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். டிராமில் திரும்பினோம். உட்கார இடம் இருந்தும் கோமதி நின்றுகொண்டே வந்தாள்.

அக்டோபர் 24, செவ்வாய்

கோமதி பேசவில்லை. சாப்பாடு எடுத்து வைத்தாள்.

அக்டோபர் 25, புதன்

இன்றும்.

குப்பையைச் சரியான தொட்டிகளில் போட்டேன். கீழ்வீட்டம்மா தலையசைத்தார்.

அக்டோபர் 26, வியாழன்

மதியம் வக்கீலம்மா போன் செய்ததாகக் கோமதி வந்து சொன்னாள். ஃப்ரீடாவைக் காவலிலிருந்து விட்டுவிட்டார்கள். கொலை முயற்சி என்பதை எடுத்துவிட்டார்கள். அத்துமீறி நுழைந்த வழக்கு மட்டும் இருக்கிறது, அதற்கு அபராதம்தான் வருமாம். இரண்டு நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷமாக இருந்தது. அதைவிட, ஒரு தாளில் எழுதினால் ஒரு ஆளை வெளியேயும் கொண்டுவரலாம் என்பது அறுபத்துமூன்று வயதில் தெரிந்தது வெட்கமாக இருந்தது.

சாப்பிடும்போது கோமதி தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அந்த மனுசர் இப்ப எங்க இருக்காவ?”

“யாரு?”

“ஒங்களுக்குத் தெரியும் யாருன்னு.”

பைபாஸ் ரோட்டில் லேத் பட்டறை வைத்திருப்பதாகச் சொன்னேன். எப்படித் தெரியும் என்றாள். பஸ்ஸில் போகும்போது கண்ணில் படும் என்றேன். அந்த இடம் வந்தால் நான் மறுபக்க ஜன்னலைத்தான் பார்ப்பது வழக்கம். ஆனாலும் போர்டில் இருக்கும் போன் நம்பர் பத்து எண்ணும் எனக்கு மனப்பாடம்.

“எப்ப பேசப் போறிய?” என்றாள். பேசுவீர்களா என்று கேட்கவில்லை.

அக்டோபர் 28, சனி

9.20. ஊரில் பகல் 12.50. சாப்பாட்டு நேரம், மிஷின் சத்தம் இருக்காது. கோமதி போனை மேசையில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போகப் பார்த்தாள். இருக்கச் சொன்னேன்.

“ஞானதுரை லேத்.”

“தம்பி, நான் சங்கரபாண்டியன் பேசுதேன். தொண்ணுத்தி நாலுல ஸ்டேஷன் ரைட்டரா இருந்தேன்.”

பின்னால் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை யாரோ அணைத்தார்கள்.

“சொல்லுங்க சார்.”

சொன்னேன். எட்டு மணிக்கே எழுதியது, பலாப்பழம், பார்க்காததைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்தது, எல்லாவற்றையும். யார் முன்னால் வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். லைன் இருக்கிறதா என்று நான்தான் கேட்கவேண்டியிருந்தது.

“இருக்கேன் சார். எங்க அப்பா தபால்காரரு. ஒங்க ஸ்டேஷனுக்கு அவியதான் தபால் கொண்டாருவாவ.”

“தெரியும்.”

“கவர்மெண்டு தாள்ல பொய் இருக்காதும்பாவ. ஜெயில்ல இருந்து வந்த அன்னைக்கு, ஆண்டவர் சத்தியமா நான் எறியலப்பான்னேன். ‘போட்டும்லே, எறிஞ்சது எறிஞ்சாச்சு, இனிமே எறியாத’ன்னாவ. அதுக்கப்புறம் பதினாறு வருசம் ஒரே வீட்டுல இருந்தோம் சார். ஒரு கடுஞ்சொல் சொன்னதில்ல. மன்னிச்சிட்டாவ. செய்யாத தப்ப மன்னிச்சிட்டே போய்ச் சேந்துட்டாவ.”

கோமதி மேசைக்கு அந்தப் பக்கம் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

“என்ட்ட எதுக்கு சார் இதச் சொல்லுதிய?” என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, அயர்ச்சிதான் இருந்தது. “எறியலன்னு எனக்குத்தான் தெரியுமே. எங்க அம்மா இருக்காவ. எம்பத்தொரு வயசு. அவியளும் அந்தத் தாளத்தான் நம்பிட்டு இருக்காவ. அவியட்ட வந்து சொல்லுங்க.”

9.41க்கு அவர் போனை வைத்தார். கோமதியிடம் டிக்கெட்டை மாற்றச் சொன்னேன். புதன்கிழமை கிளம்புகிறேன்.